அறுக்காமல் பார்ப்பது

சிறு பிராயத்தில் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், என் தாயார் முதலில் தேடுவது டிங்சர் அயோடின் சீசாவைத்தான். அடிபட்ட வலியைவிட அந்த மருந்தின் எரிச்சல்தான் அதிகமாக இருக்கும். நான் கத்துவேன். “எரிந்தால்தானடா ஆறும்” என்று சொல்லிக்கொண்டே அம்மா இன்னொரு சொட்டு விடுவாள். மறுநாள் எரிச்சல் போய்விடும். பழுப்புக் கறை மட்டும் நாலு நாள் நிற்கும்.

அந்தப் பழுப்பு நிறத்தையும் நெடியையும் நான் மறந்து எத்தனையோ வருஷங்கள் ஆகிவிட்டன. சென்ற ஆண்டு ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகருக்குப் போயிருந்தபோது, கொஞ்சமும் எதிர்பாராத ஓர் இடத்தில் அவற்றை மீண்டும் சந்தித்தேன்.

என் பால்ய நண்பரின் மகள் அங்கே ஓர் ஆராய்ச்சிசாலையில் வேலை பார்க்கிறாள். “ஒரு நாள் வந்து பாருங்கள், மாமா. உங்களுக்குக் கதை கிடைத்தாலும் கிடைக்கும்” என்று அழைத்தாள். கதைக்காக யார் எங்கே கூப்பிட்டாலும் போகிற வழக்கம் எனக்கு உண்டு. போனேன்.

மேஜைமேல் ஒரு கண்ணாடி ஜாடி. அதற்குள் கஷாயம் போன்ற பழுப்புத் திரவம். அதன் அடியில் கட்டைவிரல் நீளத்தில் ஒரு பிராணி சுருண்டு கிடந்தது. பார்த்தால் சுண்டெலி மாதிரி இருக்கிறது. ஆனால் எலி அல்ல. கங்காருவைப் போல வயிற்றில் பை வைத்துக் குட்டியை வளர்க்கும் இனத்தைச் சேர்ந்தது. டன்னார்ட் என்று பெயராம். ஒரு மியூசியத்திலிருந்து இரவல் வாங்கி வந்திருந்தாள்.

“இதன் மூளை எப்படி இருக்கிறது, தாடையின் தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எல்லாவற்றையும் பார்க்கப் போகிறேன். ஆனால் ஒரு கத்தி கூடப் படாது. அறுக்காமல் பார்க்கிறோம், மாமா!” என்றாள்.

அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது. நியாயமான பெருமைதான். எனக்கோ அந்தத் தொடர் மனத்தில் தைத்துக்கொண்டது. அறுக்காமல் பார்ப்பது! அப்படி ஒன்று உண்மையிலேயே உண்டா? ஒன்றை முழுவதும் அறிய வேண்டும், ஆனால் அதற்குத் துளியும் தீங்கு வரக்கூடாது என்றால், அது நடக்கிற காரியமா? அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அவள் செய்கிற காரியத்தைச் சொல்லிவிடுகிறேன்.

1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் தேதி ராண்ட்ஜென் என்ற ஜெர்மானியப் பேராசிரியர் எக்ஸ்ரே கதிர்களைக் கண்டுபிடித்தார். அடுத்த மாதமே தம் மனைவியின் கையைப் படம் பிடித்தார். விரல் எலும்புகள் தெரிந்தன, மோதிரம் தெரிந்தது. அந்தக் கையின் சதை மட்டும் வெறும் நிழலாகக் கரைந்துவிட்டது. உலகமே வியந்தது, 1901இல் பௌதிகத்துக்கான முதல் நோபல் பரிசும் அவருக்கே கிடைத்தது. 1971இல் ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற ஆங்கிலேயர், பல கோணங்களில் எக்ஸ்ரே எடுத்துக் கணக்குப் போட்டு, உடம்பைக் குறுக்கே வெட்டிப் பார்த்தது போலக் காட்டும் யந்திரத்தை லண்டனில் ஒரு நோயாளியின் தலைமீது முதன்முதலாகப் பிரயோகித்தார். இன்று ஆஸ்பத்திரிக்குப் போகும் எல்லோருக்கும் சி.டி. ஸ்கேன் என்ற பெயர் தெரியும். நண்பரின் மகள் கையாள்வது அதன் தம்பி, மைக்ரோ சி.டி. ஆஸ்பத்திரியில் நாம் அசையாமல் படுத்திருக்க, யந்திரம் நம்மைச் சுற்றுகிறது. இங்கே யந்திரம் அசையாமல் நிற்க, பிராணி சுற்றுகிறது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரான். அப்படிச் சில மைக்ரான் அளவுள்ள நுணுக்கங்களையும் இது காட்டிவிடும்.

ஆனால் ராண்ட்ஜெனின் மனைவியுடைய கையில் நேர்ந்த அதே சங்கடம் இங்கேயும் உண்டு. எலும்பில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, அது கதிரைத் தடுக்கிறது, ஆகவே தெரிகிறது. மூளை, ஈரல், தசை, நரம்பு எல்லாம் பெரும்பாலும் நீரும் கரியும் சேர்ந்தவை. எக்ஸ்ரேயின் கண்ணுக்கு மூளையும் ஒன்றுதான், அதைச் சுற்றியுள்ள தண்ணீரும் ஒன்றுதான். மென்மையான யாவும் அதற்குத் தெரியாமல் போய்விடுகின்றன.

மென்மையானதைக் காட்ட ஒரே வழி, அதற்குள் கனமான ஏதோ ஒன்றைப் புகுத்துவது. கரியின் அணு எண் 6, பிராணவாயுவின் எண் 8, அயோடினுக்கோ 53. அயோடின் ஊறிய தசை கதிரைத் தடுத்து நிறுத்தும். படத்தில் பளிச்சென்று விழும். ஆஸ்மியம், டங்ஸ்டன் ஆகியவற்றின் கூட்டுப்பொருள்களும் இதற்குப் பயன்படுகின்றன. ஆனால் ஆஸ்மியத்தின் ஆவி கண்ணைக் கெடுக்கும் விஷம், விலையும் அதிகம். அயோடினோ எளிது, மலிவு. வியன்னாவில் பிரையன் மெட்ஷர் என்பவர் 2009இல் இந்த எளிய சாயங்களின் சிறப்பை விளக்கி எழுதியதிலிருந்து உலகெங்கும் ஆராய்ச்சிசாலைகளில் இந்த முறை பரவிவிட்டது. 1829இல் லூகோல் என்ற பிரெஞ்சு வைத்தியர் நோயாளிகளுக்காகத் தயாரித்த அயோடின் கரைசல்தான் அந்த ஜாடியில் இருந்தது. சோற்றுக் கஞ்சியில் ஒரு சொட்டு அயோடின் விட்டால் நீலமாக மாறும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம் அல்லவா? மிருகங்களின் தசையிலும் அந்த மாவுச் சத்துக்கு உறவான ஒரு பொருள் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதையும் அயோடின் பற்றிக்கொள்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம், அந்தப் பெண் கடைப்பிடிக்கும் பொறுமை. பிராணி பார்மலினில் பதப்படுத்தப்பட்டு, நூற்றுக்கு எழுபது பங்கு ஆல்கஹாலில் கிடக்கும். அதைச் சட்டென்று எடுத்துத் தண்ணீரில் போடக்கூடாது. எழுபதிலிருந்து ஐம்பது, ஐம்பதிலிருந்து முப்பது, பிறகு தண்ணீர் என்று படிப்படியாக இறக்க வேண்டும். இல்லாவிட்டால் உடலின் உருவம் கெடும். அப்புறம் நீர்த்த அயோடின். அது தோலிலிருந்து உள்ளே ஊறி ஊறி, நடு மூளை வரை போய்ச் சேர வேண்டும். சிறு கருவுக்கு ஓர் இரவு போதும். பெரிய தலைக்கு வாரக்கணக்கில் ஆகும். திரவத்தின் நிறம் வெளுத்தால் மாற்றி ஊற்ற வேண்டும். நடுவில் ஒரு தடவை எடுத்துப் பார்த்தால், வெளிச் சுற்று வெண்மையாகவும் உட்புறம் சாம்பலாகவும் இருக்கும். “இன்னும் ஊறவில்லை” என்று மறுபடியும் ஜாடியில் போடுவாள். எங்கள் வீட்டில் ஊறுகாய் ஜாடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடும் பாட்டியின் ஞாபகம் எனக்கு வந்தது.

ஊறி முடிந்ததும் கழுவி, ஈரம் காயாதபடி ஒரு பிளாஸ்டிக் குழாயில் வைத்து, அசையாமல் நுரைப் பஞ்சால் அணை கொடுத்து மூட வேண்டும். பிறகு சில மணி நேரம் துளித் துளியாகச் சுழற்றி, ஆயிரக்கணக்கில் படங்கள். நடுவில் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எல்லாம் கலங்கிப் போகும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, “நிஜமாகவே இதற்கு ஒரு தீங்கும் இல்லையா, அம்மா?” என்று கேட்டேன்.

அவள் உடனே பதில் சொல்லவில்லை. குழாயின் மூடியைத் திருகி முடித்துவிட்டு, “இருக்கிறது, மாமா” என்றாள்.

மாணவியாக இருந்த காலத்தில், வேறோர் ஊரில், வேறோர் ஆராய்ச்சிசாலையில் நடந்ததைச் சொன்னாள். மியூசியத்திலிருந்து வந்த ஒரு சிறு பிராணி. அதை அவள் சீக்கிரம் முடிக்க வேண்டியிருந்தது. ஒரு மகாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பத் தேதி நெருங்கிவிட்டது. ஆகவே அயோடினைக் கெட்டியாகக் கலந்து ஊற்றினாள். ஒரு மாதக் காரியம் பத்தே நாளில் முடிந்தது. படம் அற்புதமாக வந்தது. மூளையின் அளவை எடுத்துக் கட்டுரையும் எழுதிவிட்டாள். ஒரு நாள் இரவு படத்தை மறுபடி பார்த்தபோதுதான், மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே கறுப்பாக ஒரு இடைவெளி கண்ணில் பட்டது. உயிரோடு இருக்கும்போது அங்கே அத்தனை இடைவெளி இருக்க நியாயமில்லை.

“மூளை சுருங்கிப் போயிருந்தது, மாமா. நான் அளந்தது அந்தப் பிராணியின் மூளையை அல்ல; என் அவசரத்தை” என்றாள்.

இது அவள் ஒருத்திக்கு மட்டும் நேர்ந்த விபத்து அல்ல. கரைசல் கெட்டியாகக் கெட்டியாகச் சதை அதிகமாகச் சுருங்குகிறது என்று 2013இல் இங்கிலாந்தில் சிலர் அளந்து காட்டினார்கள். அயோடின் கரைசல் போகப் போகப் புளிப்பேறி அமிலமாகிறது, சுருக்கத்துக்கு அது ஒரு காரணம், அமிலம் ஏறாமல் பார்த்துக்கொண்டால் சுருக்கம் குறையும் என்று 2021இல் ஆம்ஸ்டர்டாமில் கண்டுபிடித்தார்கள். அயோடின் நிறத்தைப் போக்கவும் மருந்து இருக்கிறது. பழைய போட்டோ ஸ்டூடியோக்களில் படம் கழுவ உபயோகித்தார்களே, ஹைப்போ, அதுவேதான். அதில் போட்டால் பழுப்பு வெளுத்துவிடும். ஆனால் சுருங்கியது பழையபடி விரிந்து கொடுப்பதில்லை.

கட்டுரையை அவள் திரும்பப் பெற்றுக்கொண்டாள். மியூசியத்துக்கும் நடந்ததை ஒளிக்காமல் எழுதினாள். “திட்டுவார்கள் என்று பயந்தேன். ‘எத்தனை சதவீதம், எத்தனை நாள் என்று சீட்டில் எழுதி ஜாடியில் போட்டு அனுப்புங்கள்’ என்று மட்டும் பதில் வந்தது” என்றாள்.

“செத்துப்போன எலியின் மூளை கொஞ்சம் சுருங்கியதற்கு இவ்வளவு பெரிய தர்ம விசாரணையா?” என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். பழைய முறையில் இதே பிராணியை மெழுகில் பதித்து, சில மைக்ரான் கனத்தில் துண்டு துண்டாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டிப் பார்ப்பார்கள். அதற்கப்புறம் பிராணி என்று ஒன்று மிஞ்சாது. அதோடு ஒப்பிட்டால் அயோடின் செய்வது தாய் செய்யும் சிராய்ப்பு மருந்து போலத்தான். அன்றியும், தீங்கு வரும் என்று பயந்து யாரும் திறக்காமல் வைத்திருக்கும் ஜாடியால் யாருக்கு என்ன லாபம்? படிக்காத புத்தகத்தைப் பட்டுத்துணியில் சுற்றி வைப்பதும் கறையானுக்குக் கொடுப்பதும் பலனில் ஒன்றேதான்.

இவை எல்லாம் உண்மை. ஆனாலும் நான் அந்தக் கேள்வியை விட்டுவிடத் தயாராக இல்லை. காரணத்தை அதே மெல்போர்ன் நகரத்தின் இன்னொரு கதை சொல்கிறது.

ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே டாஸ்மானியா என்று ஒரு தீவு. அங்கே தைலசீன் என்ற மிருகம் வாழ்ந்தது. நாய் போன்ற உருவம், முதுகில் புலிக் கோடுகள், வயிற்றில் பை. ஆட்டைத் தின்கிறது என்று அதன்மேல் பழி. 1888 முதல் 1909 வரை ஒரு தலைக்கு ஒரு பவுன் என்று அரசாங்கமே பரிசு கொடுத்துக் கொல்லச் சொன்னது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தலைகளுக்குப் பணம் பட்டுவாடா ஆயிற்று. 1936 ஜூலையில் அதைப் பாதுகாக்கச் சட்டம் செய்தார்கள். அந்த வருஷம் செப்டம்பர் 7ஆம் தேதி ஹோபார்ட் நகர மிருகக்காட்சிசாலையில், நமக்குத் தெரிந்த கடைசித் தைலசீன் இறந்தது. சட்டத்துக்கும் சாவுக்கும் நடுவே 59 நாட்கள்!

மிஞ்சியது என்ன? தோல்கள், எலும்புகள், சில ஜாடிகள். தாயின் பையில் இருந்திருக்க வேண்டிய குட்டிகள் ஆல்கஹாலில் கிடந்தன. அறிந்தவரை உலகம் முழுவதிலும் 13. 2018இல் மெல்போர்ன் ஆராய்ச்சியாளர்கள் அவை அனைத்தையும் எக்ஸ்ரே முறையில் அறுக்காமல் பார்த்தார்கள். அந்தக் குட்டி பையில் எப்படி வளர்ந்தது என்பது முதன்முறையாகத் தெரிந்தது. கூடவே ஒரு வேடிக்கையும் தெரிந்தது. 13இல் இரண்டு தைலசீனே அல்ல! எலும்பைப் பார்த்ததும் குட்டு உடைந்தது. யாரோ எப்போதோ தவறாக ஒட்டிய சீட்டை அத்தனை காலமும் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பார்ப்பதால் வரும் நன்மைக்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

இன்னொரு செய்திதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. அதற்கு ஒரு வருஷம் முன்பு, 2017இல், அப்படிப்பட்ட ஒரு குட்டியின் உடலிலிருந்து அந்த இனத்தின் மரபணுத் தொகுதியையே படித்து வெளியிட்டார்கள். நூறு வருஷத்துக்கு மேல் ஜாடியில் இருந்த குட்டி அது. பார்மலினில் போட்டிருந்தால் மரபணு கெட்டிருக்கும். ஆல்கஹாலில் போட்டதால் பிழைத்தது. அதை ஜாடியில் இட்ட மனிதருக்கு மரபணுவை இப்படிப் படிக்க முடியும் என்று கனவிலும் தெரிந்திருக்காது. எதிர்காலம் என்ன கேள்வி கேட்கும் என்று அறியாமலே, பதிலைக் கெடுக்காமல் பாதுகாத்துக் கொடுத்துவிட்டார்.

இங்கேதான் தர்மம் நுழைகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு ஜாடியின் முன்னால் நிற்கும்போது நாம் தனியாக நிற்பதில்லை. ஒரு பக்கம் அந்தப் பிராணி. அதன் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை, இனிமேல் கேட்கவும் முடியாது. மறு பக்கம் இன்னும் பிறக்காத ஒருவன். அவன் கேட்கப்போகும் கேள்வி நமக்குத் தெரியாது. இருவருக்கும் வாய் இல்லை. வாய் உள்ளவன் நடுவில் நிற்கும் நான் ஒருவன்தான். எனக்கு அவசரம் இருக்கிறது, பரிசு இருக்கிறது, மகாநாட்டுத் தேதி இருக்கிறது. வாயில்லாத இருவருக்கும் நடுவில் வாயுள்ளவன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதல்லாமல் தர்மம் என்று வேறென்ன இருக்கிறது?

இதை விஞ்ஞானிகளுக்குச் சொல்லும் உபதேசமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்லிவிடுகிறேன்.

பல வருஷங்களுக்கு முன் ஒரு கதை எழுதினேன். எங்களுக்குத் தூரத்து உறவில் அத்தை முறையாகும் ஒரு விதவை. அரிசியை எண்ணிப் போடுகிறவள் என்று ஊரில் பெயர். அவளை வைத்துத்தான் எழுதினேன். பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், ஆனால் அந்தக் கருமித்தனத்தை மாற்றவில்லை. அது வாசகர் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று கொஞ்சம் கெட்டியாகவே சாயம் ஏற்றினேன். கதைக்கு நல்ல பெயர். நிறையக் கடிதங்கள் வந்தன.

ஒரு கல்யாணத்தில் அத்தையைச் சந்தித்தேன். யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் கோபிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, “எல்லாம் நிஜத்தைத்தான் எழுதியிருக்கே. ஆனா நான் இவ்வளவுதானாடா?” என்றாள்.

நான் எழுதியதில் ஒரு பொய்யும் இல்லை. ஆயினும் அவளுக்கும் நான் வரைந்த உருவத்துக்கும் நடுவே கறுப்பாக ஒரு இடைவெளி இருந்தது. எண்ணிப் போட்ட அரிசியில் மிச்சம் பிடித்து அவள் இரண்டு அநாதைப் பிள்ளைகளைப் படிக்க வைத்தாள் என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு குணத்தைப் பிரகாசமாகக் காட்டுவதற்காக மனுஷியைச் சுருக்கிவிட்டேன். எனக்கும் அவசரம் இருந்தது. தீபாவளி மலருக்குத் தேதி நெருங்கியிருந்தது. அச்சில் ஏறியதை வெளுப்பதற்கு எந்த ஸ்டூடியோவிலும் ஹைப்போ கிடையாது.

ஆகவே, அறுக்காமல் பார்ப்பது உண்டா என்ற என் கேள்விக்கு நான் கண்ட பதில் இது. முழுக்க முழுக்க அப்படி ஒன்று இல்லை. மென்மையானது எதுவும் தானாக நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரிய வைக்க நாம் ஏதோ ஒன்றை அதன்மேல் ஏற்றித்தான் ஆக வேண்டும். ஏற்றுவதால் அது சிறிதாவது மாறும். இதற்காகப் பார்க்காமலே இருந்துவிடுவது கோழைத்தனம். மாறவே இல்லை என்று சாதிப்பது பொய். இரண்டுக்கும் நடுவில் மனிதன் செய்யக் கூடியது சிலதான். தேவைக்கு மேல் கெட்டியாக ஊற்றாமல் இருக்கலாம். ஊறுகிற வரை காத்திருக்கலாம். ஒரு முறை பார்த்ததை எல்லோருக்கும் காட்டிவிடலாம்; மறுபடி மறுபடி அதே உடலைத் தொந்தரவு செய்ய வேண்டாம் அல்லவா? அமெரிக்காவில் 18 நிறுவனங்கள் சேர்ந்து 2017 முதல் 2023 வரை 13,000க்கு மேற்பட்ட பிராணிகளை இப்படிப் படம் எடுத்து, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். தைலசீன் குட்டிகளின் படங்களும் அப்படியே பொதுவில் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் செய்ததை ஒளிக்காமல் எழுதி வைக்கலாம்.

நான் புறப்படும்போது அந்தப் பெண் டன்னார்டைக் குழாயிலிருந்து எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு துண்டுக் காகிதத்தில் பென்சிலால் எதையோ எழுதினாள். ஆல்கஹாலில் மை கரைந்துவிடும், பென்சில் கரையாதாம். எட்டிப் பார்த்தேன். எவ்வளவு அயோடின், எத்தனை நாள், எந்தத் தேதியில் ஹைப்போ, செய்தவர் யார் என்று நாலு வரி. கடைசியில் அவள் பெயர்.

“இதை யார் படிக்கப் போகிறார்கள்?” என்று கேட்டேன்.

“தெரியாது, மாமா. நமக்கு அப்புறம் யாராவது வருவார்கள் இல்லையா?” என்று சொல்லிவிட்டு, அந்தச் சீட்டைப் பிராணியின் பக்கத்தில் போட்டு ஜாடியை மூடினாள்.

ஊர் திரும்பியதும் அலமாரியில் தேடி அந்தப் பழைய கதையை எடுத்தேன். அதன் ஓரத்தில், பென்சிலால், அத்தை படிக்க வைத்த அந்த இரண்டு பிள்ளைகளைப் பற்றி நாலு வரி எழுதி வைத்தேன்.